மாதிரி விடுமுறை

"வாயத் தொறந்து கேட்டா உள்ள இருக்கற முத்து கொட்டிடுமா?"

"சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தா, அதையும் ஒருத்தன் சொல்லணுமா?"

"உப்பக் கம்மியாப் போட்டது என் குத்தம். ஒத்துக்கறேன். பத்து வருஷம் உப்பில்லாமத் தின்னுட்டு, பதினோராவது வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது யாரு குத்தம்? பொத்தான அமுக்காம லிஃப்டுக்குள்ள நின்னுக்கிட்டு, ஏன் மேல போகலன்னு கோவிச்சுக்கற ஆளு நீங்க."

"சரி விடு. சில்வண்டு..."

"சில்வண்டுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"என்னமோ இருக்கு. லீவுக்கு அவ வேணும்னா கேளுங்க. நேர்ல வந்து என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. அனுப்ப மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

மூன்றாவது மாடிப் படிக்கட்டில், வீட்டை விட்டுக் கிளம்பியவர் கையில் ஒரு பெட்டியும் ஒரு கருவிப் பையும் இருக்க, கணவனும் மனைவியுமாக அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்ட பேச்சு இது. கணவனான லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதில் ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. ஆனால் கடைசி வரியையும் அவர் குத்தல் என்றே எடுத்துக்கொண்டார். குத்தல்களுக்கு நடுவே வந்ததால் அதுவும் குத்தலாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

லிஃப்ட் பழுதுபார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பேச்சில் அவரை விடக் கீழே போகவும் ஆள் கிடையாது. வேலையிடத்தில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். மகளோ அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள், எட்டு வயது. காலையில் கண் விழித்தது முதல் ராத்திரி தூக்கம் வாயை மூடும்வரை ஓயாததால் அவள் சில்வண்டு. தன் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது, அடுத்த லீவில் நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று அவளிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் அவர் தாமாகவே வாய் திறந்து சொன்ன மிகச் சில வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

பிரிந்த பிறகும் தினம் மாலையில் பள்ளி வாசலில் நிற்பார். சில்வண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். பஸ் நிறுத்தம் வரை நடப்பார்கள். அவள் பேசுவாள், அவர் பையைத் தூக்குவார். அதில் ஒரு குறையும் இல்லை. லீவுதான் தொண்டையில் நின்றது.

"இதுக்கா தம்பி மண்டையப் போட்டு ஒடைச்சுக்கற?" என்றார் உடன் வேலை பார்த்த மூத்த மெக்கானிக். "குடும்ப கோர்ட்டுல விடுமுறைப் பங்கீட்டுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. எழுதிக் குடுத்தாப் போதும். உனக்காக அவங்களே கேட்டு வாங்கித் தருவாங்க. நீ வாயே தொறக்க வேணாம்."

வாயே திறக்க வேண்டாம் என்ற சொல் மெக்கானிக்கின் காதில் தேனாகப் பாய்ந்தது. மறுநாளே மனு போட்டார்.

விடுமுறைப் பங்கீட்டுப் பிரிவு நீதிமன்றக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. கீழே லிஃப்டின் கதவில், "பழுது. உத்தரவின் பேரில்" என்று அட்டை தொங்கியது. மெக்கானிக் கதவிடுக்கில் கண் வைத்துப் பார்த்தார். பத்து நிமிட வேலை.

"நான் வேணா சரி பண்ணித் தரட்டுங்களா?" என்று காவலாளியிடம் கேட்டார். யந்திரங்களுக்காக அவர் கூச்சமில்லாமல் கேட்பார்.

"கைய வச்சுடாதீங்க சார்! சரி பண்ண உத்தரவு இல்ல. பழுதா இருக்கத்தான் உத்தரவு இருக்கு."

நான்காவது மாடித் தாழ்வாரத்தில் ஈரச் சாக்கும் பழைய கோந்தும் கலந்த ஒரு நாற்றம். கடைசியில் இருந்த கழிவறை தன் பங்கையும் சேர்த்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தின் நடுவே நெடுக ஒரு மஞ்சள் கோடு. ஒரு பக்கம் மனுதாரர்கள், மறுபக்கம் எதிர்மனுதாரர்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சுகள். அந்தப் பெஞ்சுகளில், ஒரு காலத்தில் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலில் இருந்த எழுத்தர் மனுவை வாங்கினார். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூன்றாம் தாளில் ஒட்டியிருந்த சில்வண்டின் புகைப்படத்தின் மேல் அந்த எச்சில் விரல் அழுந்திப் போனது. மெக்கானிக் தன் கைக்குட்டையை எடுத்தார். துடைக்கலாமா என்று கேட்கத் தெரியாமல் திரும்ப வைத்துக்கொண்டார்.

"மகிழ்ச்சித் திட்டம் எங்க?"

"அது என்னங்க?"

"நாலு நாள் கேக்கறீங்க. நாலு நாளும் மணி வாரியா குழந்த என்ன செய்யும், எத்தன மணிக்கு மகிழும்னு எழுதணும். மூணு பிரதி."

"எத்தன மணிக்கு மகிழும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுன்னு போட்டா, மகிழ்ச்சி ஏற்பாடு செய்யப்படவில்லைன்னு அர்த்தமாயிடும். பதினொன்னே முக்கால்னு போடுங்க. எல்லாரும் அதான் போடுவாங்க. எங்களுக்கும் பாக்கறதுக்கு வசதி."

பதினொன்றே முக்கால் என்று போட்டார்.

மனு போட்ட மறுநாள் வழக்கம்போல் பள்ளி வாசலுக்குப் போனபோதுதான் பிரிவின் நான்காம் விதி தெரிந்தது. மனு நிலுவையில் இருக்கும் காலத்தில் தரப்பினர் ஒருவரோடொருவர் நேரில் பேசக் கூடாது. குழந்தையைப் பிரிவின் ஜன்னல் வழியாக அல்லாமல் வேறெங்கும் சந்திக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு நகல் வந்துவிட்டது. வாசலில் இருந்தவர் வருத்தத்தோடு காட்டினார். கேட்டுக்கு உள்ளேயிருந்து சில்வண்டு கையை ஆட்டினாள். மகளை லீவுக்குக் கேட்கப் போய், தினம் மாலையில் இருந்த கால் மணி நேரத்தையும் மெக்கானிக் தொலைத்துவிட்டு வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இங்கே குரங்குக்கும் வரிசை எண் கொடுத்திருந்தார்கள்.

முதல் லீவு வந்தது. முந்தின நாள் ஓடினார்.

"உங்க மனு முடியற கட்டத்துலதான் இருக்கு" என்றார் எழுத்தர். "ஆனா நாளைலேர்ந்து ஸ்கூல் லீவு."

"அதுக்குத்தாங்க மனுவே."

"கோர்ட்டுக்கும் அதே தேதில லீவு. ஜன்னல் மூடியிருக்கும். ஜன்னல் மூடியிருந்தா குழந்தைய எப்படி ஒப்படைக்கறது?"

"அப்ப லீவு நாள்ல ஒப்படைக்கவே முடியாதுங்களா?"

"வேலை நாள்ல எப்ப வேணா ஒப்படைக்கலாம்."

"வேலை நாள்ல ஸ்கூல் இருக்குமே."

"ஆமா" என்றார் எழுத்தர், ஒரு நல்ல மாணவனைப் பார்ப்பதுபோல. "அதனாலதான் இந்தப் பிரிவுல வேல கொஞ்சம் கஷ்டம்."

அந்த லீவில் மெக்கானிக் ஒரு கட்டடத்தின் உச்சியில், யந்திர அறையில் உட்கார்ந்து கயிறுகளுக்கு எண்ணெய் போட்டார். எண்ணெய் தேவைப்படாத கயிறுகளுக்கும் போட்டார். அக்கா போன் செய்து, "எங்கடா புள்ள? ஏரில தண்ணி தளும்பிக்கிட்டு நிக்குது" என்றாள். "பாக்கலாம்க்கா" என்றார். வீட்டில் சட்டியில் எதையோ கிளறி, உப்பில்லாமல் சாப்பிட்டுப் படுத்தார்.

இரண்டாவது லீவுக்கு முன்பு எழுத்தர் குரலைத் தாழ்த்தினார்.

"எதிர்த்தரப்பு ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க."

மெக்கானிக் ஜன்னலை ஒட்டிக் குனிந்தார். "என்ன நிபந்தனைங்க?"

"அத நான் சொல்லக் கூடாது. அவங்க ஃபைல் வேற, உங்க ஃபைல் வேற. ரெண்டும் ஒரே மேஜையில இருக்கக் கூடாதுன்னு விதி. ஆனா நிபந்தனைக்கு நீங்க சம்மதம்னு கையெழுத்துப் போடணும். கூடவே இந்தப் படிவம். வாய்மொழிக் கோரிக்கைப் படிவம். மூணு பிரதி."

"வாய்மொழின்னா வாயால கேக்கறதுதானே? யாருகிட்டக் கேக்கணும்?"

"அது ரகசியம். நீங்க எதுக்குக் கேக்கப் போறீங்க? எழுதிக் குடுங்க, போதும்."

படிவத்தில், 'மேற்படிக் கோரிக்கையை எந்தக் குரலில் கேட்பீர்: (அ) தாழ்ந்த (ஆ) நடுத்தர (இ) உரத்த' என்று இருந்தது. மெக்கானிக் (அ)வுக்கு நேரே குறியிட்டார். வாயைத் திறக்காமலேயே வேலை முடிந்ததில் அவருக்கு நிம்மதிதான். ஆனால் அந்தத் தெரியாத நிபந்தனை அன்றிலிருந்து கூடவே வந்தது. வீட்டை எழுதிக் கேட்டிருப்பாளோ? இனி முகத்திலேயே முழிக்கக் கூடாது என்றிருப்பாளோ? லிஃப்ட் குழியில் குனிந்து நிற்கும்போதெல்லாம் மனத்தில் ஒரு புதிய நிபந்தனை முளைத்தது. எல்லாவற்றுக்கும்தான் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டாயிற்றே.

இரண்டாவது லீவும் ஜன்னலை மூடிக்கொண்டு போனது.

மூன்றாவது லீவு நெருங்கியபோது, பங்கீட்டு அலுவலரே அவரைக் கூப்பிட்டனுப்பினார். அலுவலர் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்து எடுத்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, மூடியைத் திரும்பப் பேனாவில் மாட்டி, அதே பேனாவை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"போடுங்க கையெழுத்து. உங்களுக்கு நல்ல காலம். லீவு நாள்ல ஒப்படைக்க முடியல, சரி. ஆனா வேலை நாளையே லீவாக்கிட்டா? மாதிரி விடுமுறை! என் சொந்த யோசனை. பாப்பாவ ஸ்கூலுக்கு லீவு போடச் சொல்லிட்டு, இங்கயே, ஏழாம் அறையில, ரெண்டு மணி நேரம் விடுமுறை கொண்டாடுங்க. அன்னிக்கு நம்ம பிரிவோட பத்தாவது ஆண்டு விழா. மேலிடத்துலேர்ந்து வர்றாங்க. உங்களக் காட்டப் போறேன்."

"நீச்சல் சொல்லித் தர்றதா மனுவுல..."

"நீச்சல் தாராளமா உண்டு. தண்ணி மட்டும் கிடையாது. ஈரம் பட்டா ஃபைலுங்க பாழாயிடும்."

அப்படியாக, நிஜ லீவு ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் காலை, சில்வண்டு விடுமுறைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு விடுமுறைக்கு வந்தாள். மனைவி அவளை ஜன்னலில் ஒப்படைத்தாள். தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவரை ஒரு தடவை பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். நிபந்தனை போட்டவளை எப்படி நிமிர்ந்து பார்ப்பது?

ஏழாம் அறையின் ஒரு சுவர் முழுக்கக் கடல் வரைந்திருந்தது. கடலின் நடுவில் மின்சாரப் பெட்டி. ஒரு தகரத் தட்டில் மணல். மேஜை விசிறி ஒன்று காற்று வீசியது. மூலையில், நடப்பதைக் கவனித்து எழுதப் பிரிவு அமர்த்தியிருந்த பார்வையாளர் அம்மாள் மடியில் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, தண்ணி எங்க?"

"சுவத்துல இருக்கு."

"அது பெயிண்ட்டு."

'குழந்தை கடலை அடையாளம் கண்டுகொண்டது' என்று எழுதினார் பார்வையாளர் அம்மாள்.

"இதுதான் லீவாப்பா? லீவு லெட்டர்ல காரணம்னு போட்டு, லீவுன்னு எழுதினேன். மிஸ் ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுத் தண்ணி குடிச்சாங்க."

"குப்புறப் படு" என்றார் மெக்கானிக். வேறு என்ன சொல்ல? பெஞ்சில் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். ஏரியில் அப்படித்தான் தாங்கிக்கொள்வதாக இருந்தார். அந்தக் கனம் அவருக்குத் தெரியும். இப்போது கூடியிருந்தது. அவருக்குத் தெரியாமல், மனு போட்ட எட்டு மாதத்தில், எந்தப் பிரதியிலும் பதியாமல் கூடியிருந்தது.

"கைய முன்னால நீட்டு. தள்ளு. கால ஆட்டு."

"மூச்ச எப்ப விடணும்?"

"தண்ணிக்குள்ள."

"தண்ணிதான் இல்லையே. அப்ப விடவே வேணாமா?"

மெக்கானிக் தன்னை மறந்து சிரித்துவிட்டார். பார்வையாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "பதினொன்னு இருபதுக்கே சிரிச்சுட்டீங்களே. திட்டத்துல பதினொன்னே முக்கால்னு இருக்கு. இப்ப நான் எதத் திருத்தறது?"

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அலுவலர், மேலிடத்து ஆய்வாளர், கையில் மாலையோடு இரண்டு பேர். "பாருங்கய்யா, நீச்சல்!" என்றார் அலுவலர். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். சில்வண்டு கையைக் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். அவள் வயிறு தன் உள்ளங்கையில் வேகமாக ஏறி இறங்குவதை மெக்கானிக் உணர்ந்தார்.

"நிறுத்தாத பாப்பா, ஆட்டு, ஆட்டு! ஐயா பாக்கறாரு" என்றார் அலுவலர்.

சில்வண்டு, அந்த ஓயாத சில்வண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சின் மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கோந்து நாற்றமும் கழிவறை நாற்றமும் கைதட்டலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மெக்கானிக் அவளைத் தூக்கி நிறுத்தி, அவள் கண்ணில் படாதபடி வாசலை முதுகால் மறைத்துக்கொண்டார். நிறுத்துங்கடா என்று ஒரு சத்தம் தொண்டை வரை வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றது.

பார்வையாளர் அம்மாள் அறிக்கையை முடித்துக் கையெழுத்திட்டார்: 'குழந்தை மூழ்கவில்லை. விடுமுறை வெற்றி.'

பிறகு விழா. குழந்தையை ஜன்னலில் திருப்பி ஒப்படைத்து, மெக்கானிக் ரசீது வாங்கிக்கொண்டதும், மனுதாரர்கள் கோட்டின் இந்தப் பக்கமும் எதிர்மனுதாரர்கள் அந்தப் பக்கமும் உட்கார வைக்கப்பட்டார்கள். தாழ்வாரத்தின் கோடியில் மேடை. அலுவலர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துத் தொடங்கினார்.

"பெருமதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களே! இந்தப் பத்து ஆண்டுகளில் எங்கள் பொறுப்பில் ஒரு குழந்தைகூடத் தொலைந்ததில்லை. ஒரு குழந்தைகூடத் தாமதமாக ஒப்படைக்கப்பட்டதில்லை. ஒரு புகார் கிடையாது. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பலர் வியக்கிறார்கள். ஒரு குழந்தையைக்கூட நாங்கள் விடுமுறைக்கு அனுப்பியதில்லை என்பதுதான் அந்த ரகசியம்!"

கைதட்டல். ஆய்வாளர் கண்ணை மூடியபடியே தலையசைத்தார்.

"விடுமுறையில் ஏன் அலுவலகத்தை மூடுகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். எங்களுக்கும் குடும்பம் இருக்கிறது ஐயா! விடுமுறையில் பிள்ளைகளோடு இருப்பதன் அருமை குடும்பஸ்தனுக்குத்தானே தெரியும்?"

மீண்டும் கைதட்டல். இம்முறை ஊழியர்கள் பக்கமிருந்து, உள்ளன்போடு.

"எங்களுக்கு வரும் சோதனைகள் கொஞ்சமல்ல. உதாரணத்துக்கு ஒன்று, பெயர் சொல்ல மாட்டேன், ரகசியம் காப்பது எங்கள் உயிர்மூச்சு. ஒரு தாய். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எட்டு வயது மகள். அந்தத் தாய், மனு வந்த முதல் வாரமே ஓடிவந்து என்ன நிபந்தனை எழுதிக் கொடுத்தார் தெரியுமா? 'அவர் என்னை நேரில் பார்த்து, வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். எத்தனை நாள் வேண்டுமானாலும் அனுப்புகிறேன்' என்று! அவ்வளவுதான், ஒரே வரி! இப்படி அவரவர் வாயால் கேட்டு, அவரவர் வாயால் கொடுத்துவிட்டால், இந்தப் பிரிவு எதற்கு? இருபத்திரண்டு ஊழியர்கள் எங்கே போவார்கள்? நாங்கள் பதறவில்லை. அந்த நிபந்தனையைச் சட்டத்துக்கு உட்படுத்தினோம். வாய்மொழிக் கோரிக்கைக்கு ஒரு படிவம் உண்டாக்கி, மனுதாரரிடம் எழுத்து மூலமாகவே மூன்று பிரதிகளில் வாங்கிவிட்டோம். அவர் வாயைத் திறக்கவே இல்லை ஐயா! தாழ்ந்த குரல் என்று குறியிட்டிருக்கிறார். அது இப்போது பரிசீலனையில் உள்ளது!"

கைதட்டல் எழுந்தது. மெக்கானிக்கின் காதில் அது விழவில்லை.

ஒரே வரி. வீடு இல்லை, முகத்தில் முழிக்காதே இல்லை. படிக்கட்டில் சொன்ன அதே வரி. அதைத்தான் அவள் மெனக்கெட்டு நாலு மாடி ஏறி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைத்தான் இவர்கள் இத்தனை காலம் ஒரு பூட்டிய பெட்டியில் வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குச் சம்மதம் என்று மூன்று தடவை கையெழுத்துப் போட்டது யார்? காது குடைந்த பேனாவின் பிசுக்கு இன்னும் தன் விரலில் இருப்பதுபோலத் தோன்றியது. வேட்டையாடியது அவர்கள் என்றால், வலையைத் தோளில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தது அவரேதான். அருவருப்பு மேடையில் தொடங்கி அவர் வரைக்கும் வந்து நின்றது.

எழுந்தார்.

"மனுதாரர், உக்காருங்க" என்றார் எழுத்தர்.

நடந்தார்.

"சார், கோடு! கோடு!" எழுத்தர் ஜன்னலுக்குள்ளிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். "மிதிக்காதீங்க சார்! மிதிச்சா மனு தள்ளுபடி!"

கோட்டின் மேல் ஒரு பூட்ஸ் பட்டது. மற்றது அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. ஒலிபெருக்கியில், "அவரை யாராவது... இது நிகழ்ச்சி நிரலில் இல்லை..." என்று அலுவலரின் குரல் கேட்டது. ஆய்வாளர் கண் விழித்துவிட்டார். பார்வையாளர் அம்மாள் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் தாளைப் புரட்டினார்.

மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். மடித்த வெள்ளைக் கோட்டை மார்போடு அணைத்திருந்தாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த சில்வண்டு வாயைத் திறந்தாள். அம்மா அந்தச் சின்ன விரல்களை லேசாக அழுத்தினாள். வாய் மூடிக்கொண்டது.

மெக்கானிக் நின்றார். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்து அவள் உதவலாம். பதினோரு வருடமாக அவர் மென்று விழுங்கியதையெல்லாம் அவளாகவே ஊகித்துச் செய்தவள்தான். இன்று அவள் உதவவில்லை. கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

அவர் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தார். தாழ்ந்த குரல் அல்ல அது. தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"நாளைக்கு லீவு ஆரம்பிக்குது. சில்வண்ட நாலு நாள் எங்கூட அனுப்பறியா? அக்கா வீட்டு ஏரியில நீச்சல் கத்துத் தரணும். தண்ணியில."